கிராமபோன் ஹார்னை யார் தாங்கிப் பிடிச்சிருக்கா?

நாய் ஒண்ணு தலையை லேசா சாய்ச்சு ஹார்ன் வாய்க்குள்ள உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமே, அந்தப் படத்தைப் பாக்காதவங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. ரெக்கார்டு நடுவுல, கடை போர்டுல, கேசட் அட்டையில எல்லாம் வந்த படம். நாயைப் பாத்திருப்பீங்க, ஹார்னையும் பாத்திருப்பீங்க. ஆனா அவ்ளோ பெரிய ஹார்ன் எது மேல நிக்குது, அதோட எடை எங்க போய் இறங்குதுன்னு பாத்திருக்கீங்களா? எனக்கு இந்தப் பழைய மெஷின்கள் மேல ஆசை வந்ததே அந்த ஒரு இடத்தாலதான். பாட்டுப் பெட்டின்னா எல்லாரும் ஹார்னோட அழகைத்தான் பேசுவாங்க, அதைத் தாங்குற கம்பியையும் சங்கிலியையும் பத்தி யாரும் பேச மாட்டாங்க, ஆனா அந்தக் காலத்து மெக்கானிக்குங்க அதுக்காகத்தான் முப்பது வருஷத்துக்கும் மேல மண்டையைப் போட்டு உடைச்சிருக்காங்க.

பேர்ல ஒரு குழப்பம் உண்டு, அதை முதல்ல முடிச்சிடுவோம். மெழுகு உருளையை மாட்டி பாட்டு கேக்குறது போனோகிராஃப், எடிசன் வழி. தட்டையான ரெக்கார்டு போட்டுக் கேக்குறது கிராமபோன், எமில் பெர்லினர் வழி, அவர் 1887ல பேட்டன்ட் வாங்கினது. நாம ரெண்டையும் சேர்த்து கிராமபோன்னு சொல்லிடுறோம், பரவாயில்ல, ஆனா ஹார்னைத் தாங்குற விஷயத்துல ரெண்டும் ரெண்டு வேற பிரச்சினை. அதனால தனித்தனியாப் பாப்போம்.

அதுக்கும் முன்னாடி, ஹார்ன் எதுக்கு?

இந்த மெஷின்ல சத்தம் வர்ற பாதையில கரண்ட்டே கிடையாது. ஆம்ப்ளிஃபையர் இல்ல, காந்தம் இல்ல, வால்யூம் குமிழ் இல்ல. பள்ளத்துல ஒரு முள் ஓடுது, பள்ளம் வளைஞ்சு நெளிஞ்சு போறதால முள் ஆடுது, முள்ளோட மறுபக்கம் ஒரு மெல்லிசான வட்டத் தகடு மாட்டியிருக்கு, அது முள்ளோட சேர்ந்து அதிருது. அவ்ளோதான் மொத்த மெஷினும். அந்தத் தகட்டைத்தான் டயாஃப்ரம்னு சொல்றது. தட்டு மெஷின்ல பெரும்பாலும் மைக்கா, நம்ம ஊர்ல காக்காப்பொன்னுன்னு சொல்லுவாங்களே, அதைத்தான் வட்டமா வெட்டிப் போட்டிருப்பாங்க.

இப்ப ஒரு அஞ்சு ரூபா காசைக் கையில எடுத்து உங்க மூஞ்சிக்கு விசிறிப் பாருங்க. காத்து வராது. கை என்ன வேகத்துல ஆடினாலும் வராது, ஏன்னா காசு முன்னால போறப்ப அங்க இருக்குற காத்து ஓரமா வழுக்கிப் பின்பக்கம் போயிடுது, அது தள்ளப்படவே இல்ல. அதே கையில பனையோலை விசிறியைக் கொடுங்க, மெதுவா ஆட்டினாலே சுகமா காத்து வரும். கையோட பலம் ஒண்ணுதான், காத்தைப் பிடிக்கிற பரப்புதான் வேற. டயாஃப்ரம் அந்தக் காசு மாதிரி. அதுக்கு நல்ல பலம் இருக்கு, ஆனா காத்து அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லாத மாதிரி லேசா இருக்கு, அதனால பலம் வீணாப் போகுது. ஹார்ன் என்ன பண்ணுதுன்னா, தகட்டு முன்னால இருக்குற காத்தை ஓடவிடாம ஒரு சின்னக் குழாய்க்குள்ள அடைச்சு வெக்கிது, தகடு இப்ப அந்தக் காத்தைத் தள்ளியே ஆகணும், அது அடுத்த கொஞ்சம் அகலமான காத்தைத் தள்ளும், அது இன்னும் அகலமானதை, இப்படியே போய் கடைசியில வாய்ப்பக்கம் வர்றப்ப ஒரு முறம் அகலத்துக்குக் காத்து ஆடும். நாதஸ்வரத்து நுனியில அணசு இருக்கே, அது செய்யுற வேலையும் இந்த ஜாதிதான். யாரையாவது தூரத்துலேர்ந்து கூப்பிடறப்ப வாயைச் சுத்திக் கையைக் குவிப்போமே, அதுவும்தான்.

அதனால ஹார்ன் சத்தத்தைப் புதுசா உண்டாக்குறது இல்ல. சுருள் வில்லுக்கு நீங்க சாவி கொடுத்த பலம்தான் முள் வழியா வந்து சத்தமாகுது, அதுல எவ்ளோ பங்கு காத்துக்குப் போய்ச் சேருதுங்கிறதை ஹார்ன் கூட்டிக் கொடுக்குது, அவ்ளோதான். சின்ன வயசுல கடலை மடிக்கிற காகிதக் கூம்புல குண்டூசி குத்தி, சுத்துற ரெக்கார்டு மேல வெச்சுக் கேட்டவங்களுக்கு இது உடனே புரியும். (நல்ல ரெக்கார்டுல தயவுசெஞ்சு பண்ணாதீங்க, பள்ளம் போயிடும்.)

சரி, ஹார்ன் எவ்ளோ பெருசா இருக்கணும்? இங்க ஒரு கணக்கு இருக்கு, இதுதான் பின்னால வர்ற எல்லாத் தலைவலிக்கும் காரணம். ஹார்ன் வாயோட சுத்தளவு எவ்ளோவோ, கிட்டத்தட்ட அந்த நீளம் உள்ள ஒலி அலை வரைக்கும்தான் அது நல்லா வெளிய அனுப்பும். அதுக்கும் கீழ உள்ள ஸ்வரம் வாய்க்கிட்ட வந்துட்டுத் திரும்ப உள்ளயே போயிடும். 60 சென்டிமீட்டர் அகல வாய் உள்ள ஹார்னை எடுத்துக்குங்க, சுத்தளவு 188 சென்டிமீட்டர் வரும், காத்துல ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகுது, வகுத்தா சுமார் 180 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ உள்ள கட்டைக் குரல் மெலிஞ்சு போயிடும். 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கணும்னா வாய் ஒரு மீட்டருக்கு மேல அகலமா வேணும். அகலமான வாய் மட்டும் போதாது, திடீர்னு விரியாம மெதுவா விரியணும், அப்ப நீளமும் கூடும். ஆக நல்ல சத்தம்னா பெரிய ஹார்ன், பெரிய ஹார்ன்னா எடை.

எடையா இருந்தா என்ன, ஒரு ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டாப் போச்சேன்னு தோணும். நிறுத்திடலாம்தான். ஆனா சத்தம் பிறக்குற இடம் ஒரே இடத்துல நிக்கிறதில்லையே! பாட்டு ஓட ஓட முள் நகர்ந்துக்கிட்டே போகுது. நகர்ற முள்ளோட நகராத ஹார்னை எப்படி இணைக்கிறது, இல்ல ஹார்னையும் சேர்த்து நகர்த்தணும்னா அதை யாரு இழுக்கிறது, இழுக்கிறப்ப எடை யார் தலையில விழுது? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதல் மெஷின்ல இந்தப் பிரச்சினையே இல்ல

1877 கடைசியில அமெரிக்காவுல நியூ ஜெர்சி பக்கம் மென்லோ பார்க் பட்டறையில எடிசன் வரைஞ்சு கொடுக்க, ஜான் க்ரூசிங்கிற கைதேர்ந்த மெக்கானிக் செஞ்சு முடிச்ச மெஷின் அது. டிசம்பர் 7ந் தேதி நியூயார்க்ல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய் மேஜை மேல வெச்சு கைப்பிடியைச் சுத்திக் காட்டினாங்க. பித்தளை உருளை, அது மேல இஞ்சுக்கு 10 சுத்து வீதம் பள்ளம், பள்ளத்துக்கு மேல வெள்ளீயத் தாளைச் சுத்தி ஒட்டினது. பேசுறப்ப ஊசி அந்தத் தாளைப் பள்ளத்துக்குள்ள அமுக்கிக் குழி போடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்த அச்சுக் கம்பி. அதுலயும் அதே அளவுல மரை வெட்டியிருப்பாங்க. நட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு போல்ட்டைத் திருகினா போல்ட்டு சுத்திக்கிட்டே முன்னால நகருமே, அந்த மாதிரி கைப்பிடியைச் சுத்தினா உருளை சுத்திக்கிட்டே பக்கவாட்டுல நகரும். ஊசியும் வாய் வெச்சுப் பேசுற பகுதியும் நின்ன இடத்துலயே நிக்கும். நகர வேண்டியது உருளைதான்னு முடிவு பண்ணிட்டா, ஹார்னை எது மேல வேணா நிறுத்திக்கலாம். ஆரம்பத்துலயே சரியான விடை கையில இருந்திருக்கு! ஆனா மெஷின் அந்த அளவுக்கு ரெண்டு பக்கமும் நீண்டு இடத்தை அடைச்சிச்சு, வெள்ளீயத் தாள் நாலஞ்சு தடவை ஓட்டினாலே தேஞ்சு போச்சு, அதனால அது வேடிக்கைப் பொருளாவே நின்னுடுச்சு.

அடுத்து சிசெஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெயின்டரும் மெழுகுல வெட்டுற முறையைக் கொண்டு வந்தாங்க, 1886ல பேட்டன்ட். எடிசனும் மெழுகுக்கு மாறினார். மெழுகுல சத்தம் தெளிவா இருந்துச்சு, ஆனா சின்னதா இருந்துச்சு, அதனால ஸ்டெதஸ்கோப் மாதிரி ரப்பர் குழாயைக் காதுல மாட்டிக் கேட்டாங்க. 1889 நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு மதுக்கடையில லூயிஸ் கிளாஸ்னு ஒருத்தர் காசு போட்டாப் பாடுற மெஷின் வெச்சாரு, ஒரே மெஷின்ல நாலு பேர் நாலு குழாயை மாட்டிக்கிட்டுக் கேக்கலாம். இதைப் படிக்கிறப்ப எனக்கு உடனே பட்டது, ரப்பர் குழாய் எடையில்லாதது, வளையும், முள் எங்க நகர்ந்தாலும் பின்னாலயே போகும். எல்லாரும் காதுல குழாய் மாட்டிக்கிட்ட வரைக்கும் யாருக்கும் நகர்ற தொல்லை தெரியல. வீட்டுல நாலு பேரு உக்காந்து சேர்ந்து கேக்கணும்னு ஆசை வந்தப்பதான் ஹார்ன் வந்துச்சு, தொல்லையும் கூடவே வந்துச்சு.

எடிசன் ஸ்டாண்டர்ட்

வீட்டுக்குன்னு வந்த மெஷின்ல ஒண்ணை மட்டும் நல்லாப் பாத்தாப் போதும், 1898ல 20 டாலருக்கு வந்த எடிசன் ஸ்டாண்டர்ட். ஓக் மரப் பெட்டி, உள்ள சுருள் வில்லு, பக்கத்துல சாவி கொடுக்கிற கைப்பிடி. வில்லு இறுக்கமா இருக்கிறப்ப வேகமா இழுக்கும், தளர்ந்தா மெதுவா இழுக்கும், அப்படியே விட்டாப் பாட்டு ஆரம்பத்துல கீச்சுன்னும் கடைசியில கரகரன்னும் ஆகிடும், அதைத் தடுக்க கவர்னர்னு ஒரு சின்ன அமைப்பு உண்டு. மெல்லிசான பட்டை ஸ்பிரிங்குங்க நடுவுல குண்டு மாட்டி அச்சோட சுத்த விட்டிருப்பாங்க, வேகம் கூடினா குண்டுங்க ராட்டினத்துல உக்காந்தவங்க மாதிரி வெளிய விரியும், விரிஞ்சா ஒரு வட்டத் தகட்டை இழுத்து தோல் பிரேக் மேல உரசவிடும், வேகம் தானா இறங்கிடும். உங்க வீட்டுப் பழைய மெஷின் சுருதி ஆடிச்சுன்னா முதல்ல பாக்க வேண்டிய இடம் இந்தத் தோலும் அதுல ஊத்துற ஒரு சொட்டு எண்ணெயும்.

இந்த மெஷின்ல எடிசன் 1877 ஏற்பாட்டைத் தலைகீழாத் திருப்பிட்டார். உருளை ஒரே இடத்துல நின்னு சுத்தும், முள்ளும் டயாஃப்ரமும் இருக்குற ரீப்ரொட்யூசர் ஒரு வண்டி மேல உக்காந்து பக்கவாட்டுல போகும். வண்டியை இழுக்கிறது பள்ளம் இல்ல, இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. உருளையோட சேர்ந்து சுத்துற ஒரு நீளமான திருகு இருக்கு, ஃபீட் ஸ்க்ரூ, அதுல இஞ்சுக்கு 100 மரை, வண்டியோட பின்பக்கம் ஒரு அரை நட்டு அந்த மரை மேல படுத்திருக்கும், திருகு சுத்தச் சுத்த அரை நட்டு வண்டியை இழுத்துட்டுப் போகும்.

எவ்ளோ தூரம் போகும்? உருளை நிமிஷத்துக்கு 160 சுத்து, பாட்டு 2 நிமிஷம், ஆக 320 சுத்து. இஞ்சுக்கு 100ன்னா 3.2 இஞ்ச், எட்டு சென்டிமீட்டருக்குச் சொச்சம். 1908ல நாலு நிமிஷ உருளை வந்தப்ப பள்ளத்தை இஞ்சுக்கு 200ஆ நெருக்கிட்டாங்க, 640 சுத்து ஆனாலும் அதே 3.2 இஞ்ச். எட்டு சென்டிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. அந்த எட்டு சென்டிமீட்டருக்கு ஹார்னோட சின்ன முனை கூடவே போகணும், அதுவும் சத்தமில்லாம, தடங்கலில்லாம.

மெஷினோட கொடுத்த 14 இஞ்ச் ஹார்ன் சின்னது, அதை ரீப்ரொட்யூசர் கழுத்துல சொருகிட்டாப் போதும், வண்டியோட அதுவும் போயிடும். ஆனா ஜனங்களுக்கு அந்தச் சத்தம் பத்தல. 24 இஞ்ச், 30 இஞ்ச், 36 இஞ்ச்னு ஹார்ன் கடையில வாங்கி மாட்ட ஆரம்பிச்சாங்க, 56 இஞ்ச் வரைக்கும் வந்துச்சு, அதாவது நாலு அடி எட்டு இஞ்ச், பத்துப் பதினோரு வயசுப் பிள்ளை உயரத்துக்கு ஒரு ஹார்ன்! பெட்டியை விட ஹார்ன் பல மடங்கு நீளம். அதை வண்டியோட கழுத்துல சொருகினா கழுத்து முறிஞ்சிடும்.

அப்பதான் கிரேன் வந்துச்சு, நீளமான ஹார்னுக்குத் தரையில நிக்கிற மூணுகால் ஸ்டாண்டும் வந்துச்சு. பெட்டியோட முன்பக்கத்துலேர்ந்து ஒரு கம்பி கிளம்பி, மேல எழும்பி, கொக்கு கழுத்து மாதிரி வளைஞ்சு முன்னால வரும், நுனியில ஒரு சங்கிலி, சங்கிலியில ஹார்ன் தொங்கும். பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, உத்தரத்துல தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருக்கோம், குழந்தை நாலு கிலோவோ அஞ்சு கிலோவோ, மொத்த எடையையும் உத்தரம் தாங்குது, ஆட்டுறவங்க ஒரு விரலால தொட்டாப் போதும். அதேதான் இங்கயும். எடை கிரேனுக்கு, வண்டிக்கு வெறும் தொட்டு நகர்த்துற வேலை. வண்டி போற எட்டு சென்டிமீட்டரை நடுவுலேர்ந்து இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலுன்னு பிரிச்சுக்கிட்டா, முப்பது சென்டிமீட்டர் நீளச் சங்கிலியில தொங்குற பொருள் அந்த நாலு சென்டிமீட்டர் நகர்றதுக்கு மூணு மில்லிமீட்டர் கூட மேல எழும்பாது. அதனால அதைத் தள்ள வேண்டிய பலமும் ரொம்ப ரொம்பக் கம்மி. சங்கிலி குட்டையா இருந்தா அதே தூரத்துக்கு அதிகமா எழும்பும், வண்டி அதை மேட்டுல ஏத்துற மாதிரி தள்ளணும், அதுக்குத்தான் கம்பி அவ்ளோ உயரமா வளைஞ்சிருக்கு, அலங்காரத்துக்கு இல்ல.

ஹார்ன் முனைக்கும் ரீப்ரொட்யூசர் கழுத்துக்கும் நடுவுல ஒரு துண்டு ரப்பர் குழாய். இந்தச் சின்ன ரப்பர் மூணு வேலை பாக்குது. ஹார்ன் கோணம் மாற மாறத் தானும் வளைஞ்சு கொடுக்கும், காத்து கசியாம அடைக்கும், மோட்டார் உறுமல் உலோகம் வழியா ஹார்னுக்கு ஏறாமத் தடுக்கும். நூறு வருஷத்துல அந்த ரப்பர் கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். மெஷின் வாங்கினவங்க ஹார்னுக்குப் பாலிஷ் போடுறதுல நாள் முழுக்க செலவழிப்பாங்க, ரப்பரை மாத்த மாட்டாங்க, அப்புறம் சத்தம் டப்பாவுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. முதல்ல ரப்பரை மாத்துங்க.

எடையைச் சரிபார்க்கிறது எப்படின்னு கேட்டா, நான் பண்ற முறை இது. உருளை எதுவும் மாட்டாம, ஹார்னை மட்டும் தொங்கவிட்டு, ரப்பரைக் கழுத்துல மாட்டாம ஹார்ன் முனை எந்த உயரத்துல நிக்குதுன்னு பாப்பேன். தானாவே கழுத்துக்கு நேரா வந்து நின்னாச் சரி. கீழ தொங்கினா வண்டி மேல எடை ஏறும், வழிகாட்டிக் கம்பியில உரசல் கூடும், வில்லு தளர்ற நேரத்துல வேகம் இறங்கும். மேல தூக்கிக்கிட்டு நின்னா இன்னும் மோசம், அது வண்டியைத் தூக்கப் பாக்கும், பின்னால அரை நட்டு மரையில சரியாப் பதியாது, இஞ்சுல நூத்துல ஒரு பங்கு மரைதானே, கால் மில்லிமீட்டர், கொஞ்சம் பிசகினாலும் பாட்டு ஒரே இடத்துல நின்னு திரும்பத் திரும்பப் பாடும். சங்கிலியில ஒரு கண்ணியை ஏத்தியோ இறக்கியோ, இல்ல ஹார்ன் வளையத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்தியோ தராசு முள் மாதிரி நடுவுல கொண்டு வரணும். பொறுமை வேணும், ஆனா வந்துடும்.

இதுல எடிசன் மெஷினுக்கு ஒரு பெரிய நல்ல குணம் இருக்கு. ஹார்ன் தப்பா தொங்கினாலும் அந்த எடை வண்டிக்குத்தான் போகும், முள்ளுக்குப் போகாது. ரீப்ரொட்யூசருக்கு அடியில கீல்ல தொங்குற தனிக் குண்டு ஒண்ணு இருக்கு, முள்ளை மெழுகு மேல அழுத்துறது அது மட்டும்தான், அது கொஞ்சம் மேல கீழயும் பக்கவாட்டுலயும் ஆடும், அதனால உருளை லேசா கோணலா இருந்தாக் கூட முள் பள்ளத்தை விடாது. மெழுகு எவ்ளோ மென்மையானது, அது மேல ஹார்ன் எடை விழுந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தா இந்த ஏற்பாட்டோட அருமை தெரியும்.

1907 வாக்குல எடிசன் கம்பெனியே பூ மாதிரி விரிஞ்ச பெரிய ஹார்னை மெஷினோட கொடுக்க ஆரம்பிச்சுது, கிரேனும் அதோடயே வந்துச்சு. 1909ல சிக்னெட் ஹார்ன். பேருக்கு அன்னக்குஞ்சுன்னு அர்த்தம், வடிவமும் அதேதான், வண்டிகிட்டேர்ந்து பின்னால போய், கழுத்து மாதிரி மேல எழும்பி, தலைக்கு மேல முன்னால திரும்பிப் பாக்கும். பழைய ஹார்ன் முன்பக்கம் மூணு நாலடி நீட்டிக்கிட்டு நின்னுச்சு, வீட்டுல நடக்குறவங்க இடிச்சுக்குவாங்க, இது பெட்டி இருக்குற இடத்துக்குள்ளயே அடங்கிடுச்சு. கிரேன் கம்பி பின்பக்கம் போச்சு, சங்கிலி இருந்த இடத்துக்கு ஸ்பிரிங் வந்துச்சு. ஸ்பிரிங்கோட இழுப்பைத் திருகி ஹார்ன் எடைக்குச் சமமா வெச்சுக்கலாம். நான் பாத்ததுல உருளை மெஷினுக்கு இதை விட அழகான தாங்கி கிடையாது.

அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு, 1911ல, எடிசன் ஆப்பரான்னு ஒரு உயர்ந்த ரக மெஷின் வந்துச்சு. அதுல மர ஹார்ன், கிரேன் கிடையாது, சங்கிலி கிடையாது, ஹார்ன் அசையாம அப்படியே நிக்கும். எப்படின்னா ரீப்ரொட்யூசரை நிறுத்திட்டு உருளையைப் பக்கவாட்டுல நகர்த்திட்டாங்க! 1877ல க்ரூசி செஞ்ச அதே ஏற்பாடு, முப்பத்தி நாலு வருஷம் சுத்திட்டு வீடு திரும்பியிருக்கு. இதை முதல்ல படிச்சப்ப எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இப்ப தட்டுக்கு வருவோம்

தட்டு மெஷின்ல ஃபீட் ஸ்க்ரூவே கிடையாது. பெர்லினரோட யோசனையே அதுதான், பள்ளம் சுருளா உள்ள போகுது, முள் பள்ளத்துக்குள்ள இருக்கு, பள்ளமே முள்ளை இழுத்துட்டுப் போகட்டும். மெஷின் எளிமையாச்சு, விலை குறைஞ்சுது, ஆரம்பத்துல கையாலயே சுத்தினாங்க, 1896ல நியூ ஜெர்சி கேம்டன்ல பட்டறை வெச்சிருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதுக்கு நல்ல வில்லு மோட்டார் செஞ்சு கொடுத்தாரு. எல்லாம் சரி, ஆனா முள்ளை இழுக்கிறது பள்ளம்னா முள்ளோட கட்டியிருக்கிற எல்லாத்தையும் இழுக்கிறதும் பள்ளம்தான். ஹார்ன் உட்பட.

இப்ப நாய் படத்தை மறுபடி பாருங்க. பிரான்சிஸ் பராடுங்கிற ஓவியர் முதல்ல அதுல வரைஞ்சது கறுப்பு ஹார்ன் வெச்ச உருளை மெஷினைத்தான். 1899ல லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் பித்தளை ஹார்ன் ஒண்ணு இரவல் கேட்டுப் போனப்ப, எங்க மெஷினை வரைஞ்சு கொடுத்தா படத்தை வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டாங்க, அதனால பழைய மெஷின் மேலயே பெயின்ட் பூசி தட்டு மெஷினை வரைஞ்சாரு. அந்த மெஷின்ல பெட்டியோட பக்கத்துலேர்ந்து ஒரு தாங்கி நீண்டு வரும், அது நுனியில திரும்புற ஒரு மரக் கை, கையோட ஒரு முனையில சவுண்ட் பாக்ஸ் (முள்ளும் டயாஃப்ரமும் இருக்குற வட்ட டப்பா), அதுக்கும் ஹார்னுக்கும் நடுவுல ஒரு தோல் முழங்கை, ஹார்ன் அந்தக் கை மேலயே படுத்திருக்கும். சீசா பலகை மாதிரி ஹார்ன் வாய்ப்பக்கம் கொஞ்சம் எடையைச் சமன் செய்யும், மீதி எடை சவுண்ட் பாக்ஸ் வழியா முள் மேல, முள் வழியா ரெக்கார்டு மேல.

எடையைக் கூட சமன் பண்ணிடலாம். பண்ண முடியாதது ஒண்ணு இருக்கு. ரெக்கார்டோட நடு ஓட்டை துல்லியமா நடுவுல இருக்காது, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் பள்ளம் ஒரு தடவை உள்ள வந்து வெளிய போகும், முள்ளும் கூட ஆடணும், முள்ளோட கையும் ஹார்னும் ஆடணும். நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை அந்த மொத்த ஹார்னையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுறது ஒரு முடி அகலப் பள்ளத்தோட சுவர்! எவ்ளோ நாள் தாங்கும்? நின்ன வண்டியைத் தள்ள எடையைத் தூக்க வேண்டியதில்லதான், ஆனாலும் கஷ்டமாத்தானே இருக்கு, அந்தக் கஷ்டம் இது. ஹார்ன் பெருசாகப் பெருசாக ரெக்கார்டு சீக்கிரம் தேஞ்சுது.

ஜான்சன் 1901ல விக்டர் கம்பெனியை ஆரம்பிச்சாரு, 1903 வாக்குல அவர் கொண்டு வந்த விடைதான் இன்னிக்கும் நாம கிராமபோன்னு நினைச்சாலே மனசுல வர்ற உருவம். ஹார்னைக் கையிலேர்ந்து பிரிச்சு எடுத்து, பெட்டியோட பின்பக்கம் ஒரு கெட்டியான வார்ப்பு பிராக்கெட் மேல நிறுத்திட்டாரு. அதுக்கும் சவுண்ட் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு வெத்துக் குழாய்க் கை, டோன் ஆர்ம், அது பிராக்கெட்டுல சொருகியிருக்கிற இடத்துல கதவுக் கீல் மாதிரி திரும்பும். நகர்றது கை மட்டும். ஹார்ன் மலை மாதிரி அசையாம நிக்கும், பத்து கிலோ இருந்தாலும் முள்ளுக்கு அது தெரியாது.

கை வெறும் குழாயா இருந்தா ஒரு நஷ்டம் உண்டு, ஒரே அகலமுள்ள நீளக் குழாய்க்குள்ள சத்தம் ஓடிட்டு அப்புறம் திடீர்னு விரிஞ்சா ஹார்ன் வேலையே கெட்டுப் போகும். அதனால ஜான்சன் கையையே ஹார்னோட தொடக்கமா ஆக்கிட்டாரு, சவுண்ட் பாக்ஸ்கிட்ட ஒடுங்கி, பின்னால போகப் போக அகலமாகி, முழங்கையில இன்னும் அகலமாகி, அங்கேர்ந்து ஹார்ன் தொடரும். அதாவது ஹார்ன் மொத்தமும் ஒண்ணுதான், அதோட மெல்லிசான முதல் அடி மட்டும் நகருது. எடை குறைவான பக்கத்துல வெட்டி, அங்க மூட்டைப் போட்டது எவ்ளோ புத்திசாலித்தனம் பாருங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு கையோட நுனி மேல மடங்குற மாதிரி வாத்துக் கழுத்து வளைவு வந்துச்சு, ஒவ்வொரு பாட்டுக்கும் இரும்பு முள்ளை மாத்தணுமே, அதுக்கு வசதியா.

எடிசன் மட்டும் கடைசி வரைக்கும் பள்ளம் இழுக்கிறதை ஒத்துக்கல. 1912ல அவரும் தட்டுக்கு வந்தாரு, டைமண்ட் டிஸ்க், இஞ்சுக்கு 150 பள்ளம், நிமிஷத்துக்கு 80 சுத்து. அதுல பெட்டிக்குள்ள இருக்குற ஹார்ன் முழுசையும் பல்சக்கரம் வெச்சு மோட்டாரே நகர்த்தும், ரீப்ரொட்யூசர் ஹார்ன் முனையிலயே மாட்டியிருக்கும், நடுவுல கீலே இல்ல. ஜான்சன் ஹார்னை நிறுத்தினாரு, எடிசன் ஹார்னை இழுக்க ஆள் போட்டாரு. பள்ளத்தைக் காப்பாத்துற விஷயத்துல எடிசன் வழி மேல்னு நான் நினைக்கிறேன், ஆனா செலவும் பாகமும் அதிகம், வித்தது ஜான்சன் வழிதான்.

வெளிய தெரியுற ஹார்னோட காலம் ரொம்ப நீளமில்ல. 1906லயே விக்டர் விக்ட்ரோலான்னு ஒண்ணைக் கொண்டு வந்து ஹார்னை மடிச்சு அலமாரிக்குள்ள கீழ் நோக்கி வெச்சிடுச்சு, கதவைத் திறந்தா சத்தம், மூடினா கம்மி. தாங்கி எதுவும் வேண்டாம், அலமாரியே தாங்கி.

இதெல்லாம் நம்ம ஊர்ல எதுக்கு உதவும்னா, பழைய பொருள் கடையில பளபளன்னு பித்தளை ஹார்ன் வெச்சு, நாய் ஸ்டிக்கர் ஒட்டி, நூறு வருஷத்து மெஷின்னு விக்கிறாங்களே, அதைப் பாக்குறப்ப. அதுல நிறைய இப்ப ஒண்ணு சேர்த்துச் செஞ்சது, உள்ள இருக்குற மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் பிற்காலத்து சூட்கேஸ் மாடல் மெஷின்லேர்ந்து கழட்டினது. ஹார்னைப் பாக்காதீங்க, பின்பக்கம் போங்க. பிராக்கெட் கனமான வார்ப்பா, பெட்டி மரத்துல அழுத்தமா உக்காந்திருக்கான்னு பாருங்க. டோன் ஆர்ம் சவுண்ட் பாக்ஸ்லேர்ந்து ஹார்ன் வரைக்கும் ஒரே சீரா அகலமாகிட்டே போகுதான்னு விரலால தடவிப் பாருங்க, நடுவுல திடுக்குனு ஒரு படி இருந்தா வேற வேற மெஷின் பாகம் சேர்ந்திருக்கு. அப்புறம் ஹார்னை ஒரு கையால லேசா அசைச்சுக்கிட்டே இன்னொரு கையால டோன் ஆர்மைத் தொடுங்க. ஹார்ன் அசையுறது கையில தெரிஞ்சா, அந்த மூட்டு ஜான்சன் சொன்ன வேலையைச் செய்யல, அதுல உங்க தாத்தா வெச்சிருந்த ரெக்கார்டைப் போட்டுடாதீங்க.